கடைசியாகத் தொட்ட துறைமுகம்

கள்ளப்பாட்டுக் கரையில்
துறைமுகம் என்று ஒன்றும் இல்லை.
இருபது பிளாஸ்டிக் படகு, ஐஸ் பெட்டிகள்,
நேவியின் காவலரண்.
சோளகம் ஓய்ந்த ஒரு விடியலில்
சுக்கான் முறிந்து வந்து நங்கூரம் போட்டது
ஒற்றைப் பாய்மரத்தோடு ஒரு வெள்ளைப் படகு.

உள்ளே ஒரே ஒரு மனுசி. அறுபது வயதிருக்கும்.
மாரித். எஸ்தோனியா.
அப்படியொரு நாடு எந்தப் பக்கம் என்று
பிரதேச செயலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.
இங்கிலிஷ் தெரிந்த பாவத்துக்கு
என்னை அனுப்பினார்கள்.

திருகோணமலையிலிருந்து சுங்கம் வந்து சேர
மத்தியானமாயிற்று.
பெரியவர் லீவு. வந்தவர் காவலர் விதானகமகே.
இங்கிலிஷ் வாசிப்பார், பேச வராது.
எனக்குச் சிங்களம் அரைகுறை.
எங்கள் இருவருக்கும் நடுவில் அவருடைய ஓட்டைத் தமிழ்.
சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
எமிலியாம்பிள்ளையின் படகில் ஏறினார்.
அலை தூக்கிய ஒவ்வொரு தரமும்
படிவக் கட்டைத்தான் முதலில் அணைத்தார்.

மஞ்சள் கொடி கட்டினதா?
கட்டியிருந்தது. சாயம் போய்,
கைலேஞ்சி அளவில்.
வருத்தம் ஏதும்?
முழங்கால், என்றாள்.
பயணத்தில் இறந்தவர்கள்?
இல்லை.
ஒளித்து வந்தவர்கள்?
ஒரு கரப்பான்.
அதையும் மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

படகுச் சாமான் பட்டியல், ஆறு பிரதி.
நான் வாசிக்க அவர் எழுதினார்.
பற்றறி நாலு.
மண்ணெண்ணெய் இருபது லீற்றர்.
மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, சவர்க்காரம்.
தொலைநோக்கி ஒன்று.
காயத்துக்கு மருந்து, ஒரு பெட்டி நிறைய.
தாண்டிக்குளத்தில் இரண்டு ரோச் பற்றறிக்காக
அம்மாவை வெயிலில் இருத்தி வைத்தது
மூன்று மணித்தியாலமா, நாலா?
அவ ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு கணக்குச் சொல்லுவா.
"ஒண்டுக்கும் தீர்வை இல்லை," என்றார் விதானகமகே.

கப்பல் முத்திரை இல்லாமல் படிவம் செல்லாது.
மாரித் லாச்சியை இழுத்தாள்.
அழிறப்பரில் தானே செதுக்கியதாம்:
ஒரு நங்கூரம், படகின் பெயர்,
ஓர் எழுத்து தலைகீழாய்.
எல்லா நாட்டிலும் இதைத்தான் நம்புகிறார்கள், என்றாள்.
நீலமாய்ப் பதிந்தது. அவருக்கு முகம் மலர்ந்தது.

வந்துசேர்ந்த துறைமுகம் என்ற கூட்டுக்குள்
அச்சடித்த பெயர்களில் முல்லைத்தீவு இல்லை.
பேனையின் பின்பக்கத்தால் காதைச் சொறிந்தார்.
"இவ இன்னும் வர இல்லை.
கட்டி இழுத்துக்கொண்டு போன பிறகு
திருகோணமலையில் வருவா."
அப்ப இப்ப எங்கே நிற்கிறா?
"கடல்ல."
நாங்கள் கொடுத்த தேசிக்காய்ப் பை
அவளின் மடியில் இருந்தது.

கடைசியாகத் தொட்ட துறைமுகம்?
கொக்கோஸ் தீவு, என்றாள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஆடி. இதே கரை.
முப்பத்தாறு பேர்.
கொக்கோஸ் போய் எடுக்கிறன், வை, என்றான் சின்னண்ணன்.
பின்னால் ஆரோ தண்ணிக்கான் எண்ணுகிற சத்தம் கேட்டது.
புறப்படும் துறைமுகம் எது என்று
அவனிடம் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

படிவத்தில் இல்லாததை நான் கேட்டேன்.
அங்கே கரையில் என்ன இருந்தது?
தென்னை, நண்டு, விமானம் இறங்க ஒரு பாதை.
பிறகு கொஞ்சம் யோசித்து,
செருப்புகள், என்றாள்.
கடல் கொண்டுவந்து போட்டவை, ஆயிரக்கணக்கில்.
ஒரு கரையில் இடதுகால் கூட, இன்னொன்றில் வலதுகால்.
சோடி சேர்த்துப் பார்த்தாளாம் ஒரு நாள் முழுக்க.

"என்ன சொல்றா?"
தேங்காய் மலிவாம், என்றேன்.

ஆறாவது பிரதியில் காபன் பிடிக்கவில்லை.
உங்கட கந்தோருக்கு இது போதும் என்று
என்னிடம் தந்தார்.

திரும்பி இறங்கும்போது
விதானகமகேயின் சப்பாத்து ஒன்று கைநழுவி
அலைக்குள் போயிற்று.
எமிலியாம்பிள்ளை எட்டிப் பிடித்துவிட்டார்.
நான் போட்ட சத்தம்
ஒரு சப்பாத்துக்கு அதிகம்.